கொழுந்தனுக்கு நெற்றி எது?

ஆயுத பூஜை லீவு முடிந்து வேலைக்குக் கிளம்பிய காலையில், கோவிந்தம்மா தன் தலையைத் தானே வாரிச் சடை போட்டுக்கொண்டாள். இதிலென்ன பெரிய அதிசயம், ஊரில் எந்தப் பொம்பளைதான் தலை வாரிக்கொள்வதில்லை என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகக் கேளுங்கள். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் இரண்டு வருஷம் இருந்து பார்த்துவிட்டு, அப்புறம் வந்து கேளுங்கள்.

அவள் மகள் ஐஸ்வர்யா வழக்கம்போலச் சீப்பும் ரப்பர் பேண்டுமாக வந்தவள், அம்மாவின் முதுகைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

“யம்மா! இன்னாமா இது?”

“இன்னாவா? சடை.”

“கோணலா கீதும்மா.”

“கோணலா இருந்தா இருந்துட்டுப் போவுது. என் கையால போட்டது. நீ போய் காலேஜுக்குக் கெளம்பு.”

ஐஸ்வர்யா கிளம்பவில்லை. சீப்பைக் கட்டிலில் போட்டுவிட்டு அம்மாவின் தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கோவிந்தம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கம்பெனி பஸ் பிள்ளைப்பாக்கத்தில் யாருடைய அழுகைக்காகவும் நிற்காது. அழுவதைச் சாயந்திரம் பார்த்துக்கொள்ளலாம் என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஒரகடத்தில் காருக்கு ஏ.சி. கம்ப்ரசர் செய்கிற கம்பெனி அது. கம்ப்ரசரின் அலுமினியக் கூட்டுக்கு அங்கே ‘பாடி’ என்று பெயர். ட்ராலியில் வருகிற பாடியைக் குனிந்து தூக்கி, நெஞ்சுயரத்தில் ஓடும் பெல்ட்டில் வைத்து, போல்ட்டுகளை முடுக்கி அனுப்ப வேண்டும். அதுதான் கோவிந்தம்மாவின் ஸ்டேஷன். ஒரு பாடியைத் தூக்கினால் ஒன்றும் தெரியாது, கைக்குழந்தை கனம்தான். ஆனால் கைக்குழந்தையை ஷிப்ட் முழுக்கக் குனிந்து தூக்கி வைத்துக்கொண்டே இருக்கச் சொன்னால் பெற்றவளே எழுந்து ஓடிவிடுவாள். போதாததற்குத் தலைக்கு மேலே ஒரு ஸ்க்ரீன். கை கொஞ்சம் தாமதித்தால் போதும், சிவப்பாகி, அவளுடைய ஸ்டேஷன் நம்பரை லைன் முழுக்கத் தெரிகிற மாதிரி போட்டு மானத்தை வாங்கிவிடும்.

தோள் போனது யாருக்கும் தெரியாது. அவள் தெரியவிடவில்லை. கை வலி என்று வாயைத் திறந்த இரண்டு பேரை, ‘கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க’ என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ரெஸ்ட் இன்னும் முடிந்தபாடில்லை. அதைப் பார்த்த பிறகு எவள் வாயைத் திறப்பாள்? கம்பெனி டாக்டர் கேட்டாலும் சரி, சூப்பர்வைசர் சாம்சன் கேட்டாலும் சரி, லைன் முழுக்க ஒரே பதில்தான்: ஒண்ணும் இல்ல சார்.

இந்த நேரத்தில்தான் வேல்விழி வந்து சேர்ந்தாள். கோவில்பட்டிப் பெண், இன்ஜினியர், நெட்டையென்றால் அப்படி ஒரு நெட்டை. வேலை செய்கிற இடத்தை, வேலை செய்கிற ஆளின் உடம்புக்குத் தக்கபடி மாற்றி அமைப்பதுதான் அவள் வேலையாம். அப்படியும் ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதா என்று பாதிப் பேர் சிரித்தார்கள். வந்த புதிதில் அவள் டேப்லெட்டும் கையுமாக ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய், “எங்கக்கா வலிக்கு?” என்று கேட்டாள். எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி “ஒண்ணும் இல்ல மேடம்” என்றார்கள். அந்த டேப்லெட்டை நம்பினால், ஒரகடத்திலேயே கல்லுப் போல உடம்பு உள்ளவர்கள் அந்த லைனில்தான் வேலை செய்தார்கள்.

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? கேட்பதை விட்டாள். டேப்லெட்டை மேஜையில் போட்டுவிட்டு, லைன்காரர்கள் போடுகிற நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு, கோவிந்தம்மாவின் பக்கத்தில் வந்து நின்று பாடி தூக்க ஆரம்பித்துவிட்டாள். முதல் நாள் சிரித்துச் சிரித்துப் பேசினாள். அடுத்த நாள் பேச்சு குறைந்தது. அதற்கடுத்த நாள் பேச்சே இல்லை. ஆனாலும் விடாமல் ஒரு வாரம் நின்றாள். கடைசி நாள் காலையில் தலையை வாராமல் அப்படியே அள்ளி ஒரு கிளிப்பில் சொருகிக்கொண்டு வந்து, கோவிந்தம்மாவின் காதோடு கேட்டாள்.

“அக்கா, கை மேல போகவே மாட்டேங்கு. காலைல சீப்பத் தூக்க முடியல. நீங்க எப்படிக்கா தலை வாருதீங்க?”

எத்தனையோ பேர் எத்தனையோ தரம் கேட்டும் திறக்காத வாய், இந்தக் கேள்விக்குத் தானாகத் திறந்துவிட்டது.

“எம் பொண்ணு வாரி வுடுது மேடம்,” என்றாள் கோவிந்தம்மா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம். ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“யாருட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா இத இப்படியே விடவும் மாட்டேன்.”

இரண்டையும் காப்பாற்றினாள், மகராசி. யார் பெயரையும் சொல்லாமல், பிளான்ட் மேனேஜர் பரசுராமனிடம் போய் மல்லுக்கட்டி, ஒரு ரோபோ கையை மூன்று மாத ட்ரையலுக்குக் கொண்டுவந்து கோவிந்தம்மாவின் ஸ்டேஷனில் நிறுத்தினாள். ஆயுத பூஜை லீவு முடிந்து வருகிற முதல் நாள் ட்ரையலுக்குக் கடைசி நாள். அன்றைக்குப் பரசுராமன் நேரில் வந்து பார்ப்பார். பிடித்தால் இருக்கும், இல்லையென்றால் வந்த லாரியிலேயே திரும்பிப் போய்விடும். அது போனால் கோவிந்தம்மா மறுபடியும் குனிந்து தூக்க வேண்டும், அவளால் தூக்க முடியாது என்பது உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அது வந்த அன்றைக்கு அவளே தள்ளித்தான் நின்றாள். நம் சோற்றில் மண் போட வந்த சனியன் என்றுதான் நினைத்தாள். ஆனால் அது பாடியைத் தூக்கிப் பெல்ட்டில் வைப்பதோடு சரி. போல்ட் முடுக்குவது, சரி பார்ப்பது எல்லாம் அவள்தான். அவள் பச்சைப் பட்டனைத் தொட்டால்தான் அடுத்த பாடிக்குக் கை நீட்டும். அவள் தண்ணீர் குடித்தால் அதுவும் நிற்கும். தப்பித் தவறி அவள் கை குறுக்கே போனால், கண்ணால் பார்த்து அப்படியே உறைந்து போகும். சாய்ந்து உட்கார ஒரு ஸ்டூல் வந்தது. சிவப்பு ஸ்க்ரீனை வேல்விழி கழற்றிவிட்டு, தமிழில் நாலு வார்த்தை மட்டும் காட்டுகிற சின்ன ஸ்க்ரீன் வைத்தாள்.

பக்கத்து ஸ்டேஷன் மாரிசெல்வி, தென்காசிப் பக்கத்துப் பிள்ளை, வாய் சும்மா இருக்காது.

“ஏக்கா, சொன்ன பேச்சக் கேக்கு, எதுத்துப் பேச மாட்டேங்கு, கனத்தையும் தூக்கிட்டு வருது. யாருக்கா இவுக?”

“என் கொழுந்தன்டி.”

“புருசன்னு சொன்னாத்தான் என்னவாம்?”

“புருசன் என்னிக்குடி சொன்ன பேச்சக் கேட்டான்?”

லைனே கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து கம்பெனியில் எல்லாருக்கும் அது கொழுந்தன்தான். சாம்சன்கூட ஒரு நாள் மறதியாக ரிப்போர்ட் சொல்லும்போது, “கொழுந்தன் நல்லா ஓடுது சார்” என்று பரசுராமனிடமே சொல்லிவிட்டான்.

லீவுக்கு முந்தின நாள் பூஜை. லைனை நிறுத்தி, மெஷின் எல்லாவற்றையும் துடைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் பரசுராமனே நின்று பூசணிக்காய் உடைத்தார். அப்புறம் தட்டில் சந்தனமும் குங்குமமும் சுற்றி வந்தன. பொட்டு வைக்காத பொருள் பாக்கியில்லை. பேன், ஸ்விட்ச் போர்டு, பிரின்டர், டீ மெஷின், குப்பைத் தொட்டிக்குக்கூட ஒரு பொட்டு.

கோவிந்தம்மா தட்டை வாங்கிக்கொண்டு நேரே கொழுந்தனிடம் போனாள். மற்றதற்கெல்லாம் விரலால் தொட்டு வைத்தவள், இதற்கு மட்டும் சந்தனத்தை உள்ளங்கையில் நன்றாகக் குழைத்தாள். மடங்கிப் படுத்திருந்த அந்த இரும்புக் கைக்கு நெற்றி எது என்று தேடினாள். பிடிக்கும் விரல்களுக்குச் சற்று மேலே, வட்டமாக, கறுப்பாக, பளபளவென்று ஒரு கண்ணாடி இருந்தது. முகம் என்று சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும். அதில் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“நல்லா இருடா சாமி. எங்கைய எனுக்கே திருப்பிக் குட்த்துட்ட.”

பூஜை நேரத்திலும் வேல்விழி மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்து, பரசுராமனின் ரிவ்யூவுக்காகப் புது புரோகிராம் ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி, தூரத்திலிருந்தே சிரித்தாள். “கொழுந்தனுக்குக் கல்யாணக் களை வந்துட்டுக்கா!”

கல்யாணக் களையா அது! லீவு முடிந்து வந்து ஸ்விட்சைப் போட்டார்கள். எல்லா மெஷினும் ஓடியது. கொழுந்தன் மட்டும் படுத்த படுக்கையை விட்டு எழவில்லை. கழுத்தில் சிவப்பு விளக்கு. சின்ன ஸ்க்ரீனில் ‘பாதுகாப்பு நிறுத்தம்’ என்ற எழுத்து.

வேல்விழிக்கு முகம் செத்துவிட்டது. தான் ஏற்றிய புது புரோகிராம்தான் கெடுத்துவிட்டது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. லேப்டாப்பை மாட்டிக்கொண்டு அதை எடுத்தாள், பழையதைப் போட்டாள், அணைத்தாள், போட்டாள். சிவப்பு மாறவில்லை. சாம்சன் ஒவ்வொரு கேபிளாகத் தடவிப் பார்த்து, “கர்த்தாவே, இன்னிக்குத்தானா” என்று சுற்றிச் சுற்றி வந்தான். சிவப்பு விளக்கைப் பார்த்தார்கள், ஸ்க்ரீனைப் பார்த்தார்கள். பொட்டை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பார்த்த இடமெல்லாம் பொட்டாக இருக்கும்போது, ஒரு பொட்டை மட்டும் எவன் தனியாகப் பார்ப்பான்?

அந்த நேரம் பார்த்துப் பரசுராமன் வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. லைன் நின்றால் மட்டும் அவருக்குப் பிபி ஏறும்.

“என்ன சாம்சன், கடைசி நாள்ல படுத்துக்கிச்சா? நான் அப்பவே சொன்னேன்ல? இதெல்லாம் எக்சிபிஷன்ல வெச்சுப் பாக்க நல்லா இருக்கும்.”

“சார், ஒரு அரை மணி நேரம் குடுங்க,” என்றாள் வேல்விழி.

“லைன் நிக்குதும்மா. கோவிந்தம்மா, நீங்க பழையபடி கையால போடுங்க. சாம்சன், வெண்டருக்குப் போன் போட்டு வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

கோவிந்தம்மா பழக்க தோஷத்தில் ட்ராலிப் பக்கம் போனாள், குனிந்தாள், பாடியில் கையை வைத்தாள். அந்தச் சில்லென்ற அலுமினியம் பட்டதுமே தோளுக்குள் பழைய வலி தலையைத் தூக்கிப் பார்த்தது. குனிந்ததில் சடை முன்னால் வந்து விழுந்தது. காலையில் தன் கையால் போட்ட கோணல் சடை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தூக்கினால் இந்தச் சடை இன்றோடு சரி. முடியாது என்றால் வேலை இன்றோடு சரி. வேல்விழி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆனால் அந்தப் பெண் சொல்ல மாட்டாள், சத்தியம் செய்தவள்.

கோவிந்தம்மா கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“என்னால முடியாது சார்.”

பரசுராமன் வெடுக்கென்று திரும்பினார்.

“என்னம்மா?”

“தோளு பூட்சி சார். ரெண்டு வருசமா என் தலைய நான் வாரல, எம் பொண்ணுதான் வாரி வுடுது. இது வந்தப்பறம் இன்னிக்குத்தான் நானே சடை போட்டேன். மறுபடியும் தூக்கச் சொன்னா என்னால முடியாது. அனுப்புறதா இருந்தா அனுப்பிடுங்க.”

“இத்தன வருஷமா தூக்கினதுதானேம்மா? இதுல அப்படி என்ன கனம் இருக்கு?” என்று பரசுராமன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து, ஒரு பாடியைத் தூக்கிப் பெல்ட்டில் வைத்தார். ஒன்றுமில்லை பாருங்கள் என்பது போல் திரும்பிப் பார்த்தார். இன்னொன்று வைத்தார். இன்னொன்று. லைனே பார்த்துக்கொண்டிருந்தது, அவரும் நிறுத்த முடியாமல் தூக்கிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பாடியைப் பெல்ட்டின் விளிம்பில் இடித்து வைத்துவிட்டு, அவர் கை தன்னையறியாமல் தன் தோளைப் பிடித்துக்கொண்டது.

“டாக்டர்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொன்னவங்கல்லாம் எங்க சார் இப்போ?”

பரசுராமன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார், “நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா ஓடாத மெஷினை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்?”

நியாயம்தானே? அந்த நியாயம்தான் கோவிந்தம்மாவுக்குத் தாங்கவில்லை. திட்டினாலாவது பதிலுக்குப் பேசலாம். யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், அத்தனை ஆத்திரத்தையும் கொழுந்தன் மேல் காட்டினாள்.

“உனுக்குப் போயி சந்தனம் கொழைச்சேன் பாரு, என்னச் சொல்லணும்! எல்லார் முன்னாடியும் கால வாரி வுட்டியே, படுபாவி! உனுக்கெல்லாம் பொட்டு ஒரு கேடா?”

கோட்டு முனையைச் சுருட்டி, எச்சில் தொட்டு, காய்ந்துபோன சந்தனத்தை அந்தக் கண்ணாடியிலிருந்து அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

“யக்கா, பொட்ட அழிக்காதீக!” என்று மாரிசெல்வி பதறினாள்.

வேல்விழி அதைக் கேட்டுத்தான் திரும்பினாள். கோவிந்தம்மாவின் கையைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள். லேப்டாப்பை அப்படியே மூடினாள்.

“அக்கா! அழிங்க, நல்லா அழிங்க! சுத்தமாத் தொடச்சிட்டுத் தள்ளி நில்லுங்க!”

ஓடிவந்து பட்டனை அழுத்தினாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. கொழுந்தன் மெதுவாகத் தலையைத் தூக்கி, இடமும் வலமும் பார்த்துவிட்டு, ட்ராலியிலிருந்து ஒரு பாடியை எடுத்துப் பெல்ட்டில் பூப்போல வைத்தான்.

கைதட்டல் எழுந்து உடனே அடங்கிவிட்டது. பரசுராமன் கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது கேமராதானே? கேமரால பொட்டு வெச்சது யாரு?”

மெஷினைக் கெடுத்து லைனை நிறுத்தினால் மெமோ. அது எல்லாருக்கும் தெரியும். கோவிந்தம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். அதற்குள் வேல்விழி பேசிவிட்டாள்.

“தப்பு என்னோடது சார். வருஷா வருஷம் ஆயுத பூஜை வருது. எல்லா மெஷினுக்கும் பொட்டு வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும், சின்னப் பிள்ளைல இருந்து பாக்கேன். அவங்க உயரம் அளந்தேன், கை நீளம் அளந்தேன். பொட்டு வைக்க ஒரு இடம் விடணும்னு தோணல. அவங்க நல்லதுன்னு பார்த்து வெச்சாங்க. கண்ணு தெரியலன்னா நகரக் கூடாதுன்னுதான் அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு, அதனால அது நகரல. ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல சார்.”

பரசுராமன் கேமராவை இன்னொரு தரம் பார்த்தார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர் போல நெற்றியைத் தேய்த்தார்.

“சாம்சன், என் காருக்கு யாரு பொட்டு வெச்சது?”

“நீங்கதான் சார். முன்னாடி, பின்னாடி எல்லாம் உங்க கையாலதான் வெச்சீங்க.”

“லீவு பூரா ரிவர்ஸ் கேமரா மங்கலாத் தெரியுதுன்னு சர்வீஸ் சென்டர்காரனைத் திட்டிக்கிட்டிருக்கேன்யா.”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அவரும் சேர்ந்துதான் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் லைனைச் சுற்றிப் பார்த்து, “இது இங்கேயே இருக்கட்டும்” என்றார். “வலிக்குதுன்னு சொன்னா இனிமே யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். முன்னாடி போனவங்களையும் சாம்சன் கூப்பிட்டு விடட்டும். இது என் வார்த்தை. இப்பச் சொல்லுங்க, வேற யாருக்கெல்லாம் தோள் வலி? கையத் தூக்குங்க.”

முதலில் யாரும் அசையவில்லை. அப்புறம் மாரிசெல்வி தூக்கினாள், இடது கையை. அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு கையாக எழுந்தது. எல்லாம் இடது கை. வலது கையைத் தூக்க முடிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. பரசுராமன் அந்தக் கைகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு வேல்விழியிடம் திரும்பி, “அடுத்து எந்த ஸ்டேஷன்னு நீங்களே சொல்லுங்கம்மா” என்றார்.

ஒரு வாரம் கழித்து, கொழுந்தனின் தோள்பட்டையில், கேமராவுக்கு எட்டாத தூரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எவர்சில்வர் தகடு வந்து உட்கார்ந்தது. அதில் எந்த எழுத்தும் இல்லை. பொட்டு வைக்கிற இடம் என்று பார்த்த மாத்திரத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கோவிந்தம்மா வீட்டிலிருந்தே சந்தனம் குழைத்துச் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தாள். தகட்டில் வைத்து, குங்குமமும் வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கிண்ணத்தில் இன்னும் மிச்சம் இருந்தது.

“மேடம், இங்க வா.”

வேல்விழி வந்தாள்.

“கொழுந்தனுக்கு நெத்தி எதுன்னு தெரியாம வெச்சிட்டேன். உனுக்கு எதுன்னு எனுக்குத் தெரியும். நீ நல்லா இருக்கணும் கண்ணு. உங்க அம்மா வயிறு குளுந்து போவணும்.”

வேல்விழிக்குக் கண் நிறைந்துவிட்டது. நெட்டைப் பெண் அல்லவா, பழக்கத்தில் முட்டியை மடக்கித் தலையைத் தாழ்த்தினாள்.

“குனியாத,” என்றாள் கோவிந்தம்மா. “நேரா நில்லு. எனுக்கு எட்டும்.”

வலது கையைத் தோளுக்கு மேலே உயர்த்தி, அவள் நெற்றியில் பொட்டு வைத்தாள்.